மருந்தா மாவா

நவம்பர் 11, திங்கள்

கீமோ முடிந்ததும் புற்றுநோய் போய்விட்டது என்றார்கள். போகிற போக்கில் என் பாதங்களையும் விரல் நுனிகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ராத்திரி எரிச்சலை மட்டும் விட்டுவிட்டது. ஒரு செருப்பு நழுவியது தெரியாமல் கடைத்தெரு வரை நடந்தேன். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபின் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை, கீமோவால் வந்த மரத்துப்போதலுக்குக் கேட்குமா என்று பார்க்கவேண்டுமாம். "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதும்மா. மருந்தா இருந்தா கொஞ்சம் தூக்கம் வரும்." சரி என்று பாட்டிலை வாங்கி வந்தேன்.

வாசலிலேயே எங்காத்துக்காரர் சடகோபன், "வலிப்பு மாத்திரையா? ஒனக்கு எப்போடி வலிப்பு வந்தது?" என்றார். எதிராத்து ஜனனி நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் மாட வீதி முழுக்க எனக்கு வலிப்பு. வம்பு பரப்புகிற வேலைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஒருத்திதான் என்றிருந்தேன். போட்டி வந்துவிட்டது.

நவம்பர் 25

அதே ஆராய்ச்சியில் செட்டியார்பட்டிப் பொன்மணியும் இருக்கிறாள். ஸ்பின்னிங் மில்லில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை.

"நூலப் பிடிச்சிருக்கனா இல்லையான்னே தெரியல மாமி. பாத்துப் பாத்து ஒட்டுறதுக்குள்ள பக்கத்துல நாலு அறுந்து தொங்குது. பொங்கலுக்குப் பொறவு விரலு வரலேன்னா வேற ஆளப் போட்ருவேங்காரு சூப்பர்வைசர்."

புருஷன் இல்லை. இவள் சம்பளத்தில்தான் வீடு.

"மாத்திர ஒங்களுக்கு என்ன செய்யுது?"

"தூக்கமா வரது. இவர் பேச ஆரம்பிச்சாலே கண் சொருகறது."

"எனக்கு ஒண்ணுமே செய்யல. மாவத்தான் குடுத்திருக்காக." ரேஷனில் புழுத்த அரிசி போட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

டிசம்பர் 2

எனக்குத் தூக்கம் வருகிறது. ஆக, என்னுடையதுதான் மருந்து. எனக்கு எதற்கு அது? கோலம் கோணினால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். அவளுக்கு—

டிசம்பர் 9

மாற்றிக்கொண்டோம். பாட்டிலில் பெயர் ஒட்டியிருக்கிறது; அதனால் உள்ளே இருப்பதை மட்டும், ஆஸ்பத்திரி கேன்டீனில், புளியோதரை டப்பாவின் மறைவில்.

"யார்கிட்டயும் சொல்லாதேடி" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க தாங்குவீகளா மாமி?"

நியாயமான கேள்வி.

டிசம்பர் 20

மார்கழி. கோவில் கல் சில்லென்று இருந்திருக்க வேண்டும். எல்லோரும் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். நான் தூண் மாதிரி நின்றேன். பெருமாளிடம் லயித்துவிட்டேன் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. மறுக்கவில்லை.

டிசம்பர் 28

எழுத ஒன்றுமில்லை. பகலெல்லாம் தூக்கம். மாவைத் தின்றுவிட்டுத் தூங்குகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 6

பொன்மணி போன் செய்தாள். "மாமி, குனிஞ்சு பாக்காமலே ஜாக்கெட் கொக்கிய மாட்டிட்டேன்."

சந்தோஷமாக இருந்தது என்று எழுதவேண்டும். இருந்திருக்கும். அதுவும் எங்கேயோ மரத்துப்போய்க் கிடக்கிறது.

ஜனவரி 20

அவள் மில்லுக்குப் போய்விட்டாள். ஒட்டின நூல் அறாமல் நிற்கிறதாம்.

பிப்ரவரி 10

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. யாருக்கு எது என்று பிரித்துப் பார்த்துவிட்டு ஜெபின் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒங்களுக்குக் குடுத்தது மாவும்மா. ஆனா கடைசியா எடுத்த ரத்தத்துல மருந்து இருக்கு. எப்படி?"

நான் மருந்து என்று கொடுத்தது மாவு. அவளிடமிருந்து மாவு என்று வாங்கியது மருந்து.

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். வரவில்லை. சொல்லிவிட்டேன். அவர் கத்தியிருக்கலாம். "ஒங்க ரெண்டு பேர் முடிவையும் தள்ளிட வேண்டியதுதான். ஒங்களுக்கு வேற ஏதாவது ஆகியிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"பொன்மணிக்கு எப்படி சரியாச்சு?"

"கீமோ முடிஞ்சு நாளானா சிலருக்கு நரம்பு தானாத் திரும்பும்."

"எனக்கு?"

என் காலைப் பார்த்தார்.

அவளிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னால் அந்த விரல்கள் மறுபடி மரத்துவிட்டால்?

பிப்ரவரி 16, ஞாயிறு

பொன்மணி வந்தாள். காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

"மாவுன்னு தெரிஞ்சுபோச்சே. இது போயிருமா?"

"போகாதாம். தானா வந்ததாம்."

மறுபடி தேய்த்தாள். உணர்ச்சி இருந்தது போல. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "அப்ப எம் மருந்த நீங்கதான் சாப்ட்டிருக்கீக. அதுக்கும் கேக்கலையா?"

"எரிச்சல் தேவலை" என்றேன்.

"காலக் காட்டுங்க."

"சீ, காலைத் தொடாதேடி."

கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடுங்க. கட்டைவிரல்ல கை வச்சிருக்கேன். தெரியுதா?"

"தெரியறது."

"நான் இன்னும் தொடவே இல்ல மாமி."