மின்சாரம் குறையும்போது வரும் குரல்

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன என் மாமாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாது. இங்கே பாப்பிரெட்டிப்பட்டியில் மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லாரும் ஒன்றாக மோட்டார் போடுகிறார்கள். வோல்டேஜ் வழக்கம்போலப் படுத்துக்கொள்கிறது. நாம் இருவரும் செய்து விற்ற ஸ்டார்ட்டர் பெட்டிகள் மோட்டாரை நிறுத்திவிட்டு, நீங்கள் பதிந்துவைத்த உங்கள் குரலில் போன் செய்கின்றன. "கரண்ட் கம்மியா இருக்குதுங்க. மோட்டார நிறுத்திட்டேன். சரியானதும் நானே போட்டுடறேங்க."

"அரைகுறைக் கரண்டுல பெட்டிக்குள்ள இருக்கற சிப் உளறும் செல்வி," என்பீர்கள். "மோட்டாரப் போட்டு நிறுத்தற ரிலே கண்டபடி தட்டும், மோட்டார் காயில் கருகிடும். உளறறதுக்கு முன்னாடியே புடிச்சு நிறுத்தணும். கரண்ட் நிதானமானதும் முதல்ல இருந்து எழுப்பணும்." வோல்டேஜ் எந்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று நாம் போட்ட சண்டையில் எத்தனை நாள் சோறு ஆறியிருக்கும்!

போன வாரம் கம்பைநல்லூர் ராமசாமியண்ணன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. அவரு காரியத்துக்கு வந்துட்டுப் போறேன், மறுநாளே தோட்டத்துல அவரு கூப்பிடறாரு. வூட்ல போன எடுக்கவே பயப்படறாங்க. குரல மாத்திக் குடுங்க." என் குரலைப் பதிந்து கொடுத்தேன். அவர் போனபின் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். உங்களை நானே அழித்த மாதிரி இருந்தது.

அன்றைக்குத்தான் அந்தக் கிறுக்குத்தனம் செய்தேன். நம் வீட்டுப் பெட்டியில் மோட்டாரை நிறுத்தும் அந்த அளவை மேலே ஏற்றினேன். நல்ல மின்சாரத்தையே குறைவு என்று எண்ணிப் பெட்டி மோட்டாரை நிறுத்தும், நீங்கள் கூப்பிடுவீர்கள். நாளெல்லாம் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டீங்களா?" என்றேன். உயிரோடு இருந்தபோதே அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை, இப்போதா சொல்லப்போகிறீர்கள்?

தொட்டி காலியானது. அத்தை நட்ட தக்காளி நாற்று தலை சாய்ந்தது. நேற்று அத்தை குடத்தோடு வந்து நின்றார்கள். "கரண்டு நல்லாத்தான இருக்குது, மோட்டார் ஏம்மா நிக்குது?"

அப்போது என் போன் அடித்தது. அத்தையே எடுத்துக் காதில் வைத்தார்கள். முழுதும் கேட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"எம்மவன் பொய் சொல்றவன் இல்ல செல்வி. அவனப் பொய் சொல்ல வெக்காத."

இன்று காலை நீங்கள் வைத்த அளவுக்கே இறக்கிவிட்டேன். நாற்றுக்குத் தண்ணீர் பாய்கிறது. போன் சும்மா கிடக்கிறது. வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது மாமா. என்னைப் பிடித்து நிறுத்தி, மறுபடி எழுப்ப யார் இருக்கிறார்கள்?

இனி உங்களைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன். மின்சாரம் நிஜமாகவே குறையும்போது கூப்பிடுங்கள். முதல் மணியிலேயே எடுப்பேன்.

நீங்கள் கூப்பிடாத நாளிலும்
உங்கள் மனைவி,
செல்வி