மதியச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை

புக்கிட் பாஞ்சாங்
19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

அன்புள்ள அம்மா,

நீ விடியும் முன்பே பாலர் பள்ளிச் சமையலுக்குக் கிளம்பிவிடுகிறாய், நான் வீட்டுக்கு வரும்போது சோபாவில் தூங்கி வழிகிறாய். அதனால் வழக்கம்போல் இதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு அறைக்குள் போய்விடுவேன்.

புது வேலை பிடித்திருக்கிறது. மருந்துப் பெட்டியில் இருக்கும் காலாவதித் தேதியும் கணினியில் இருக்கும் தேதியும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை மட்டும் பதினொரு தவறுகள் கண்டுபிடித்தேன். மேலாளர் பிரேம், "இத்தனை நாளா இதையெல்லாம் யாரும் பாக்கவே இல்ல லா" என்றார். அது பாராட்டா கிண்டலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என்னவோ நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் பக்கத்து மேசை முனீரா தினமும் பன்னிரண்டு பத்துக்கு வந்து, "தேக்காவுல சாப்பிடப் போறோம், வரீங்களா?" என்று கேட்பார். அந்த உணவங்காடியில் இருக்கும் சத்தத்துக்குப் பயந்து நான் மறுப்பேன். மறுநாளும் கேட்பார். போன புதன்கிழமை ரயிலில் வரும்போது, நாளைக்குச் "சரி" என்று சொல்வதென முடிவெடுத்தேன். கண்ணாடி முன் நின்று ஆறு முறை சொல்லியும் பார்த்தேன். வியாழனன்று முனீரா எழுந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், போய்விட்டார். வெள்ளியும் நேற்றும் இன்றும் அதேதான். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் என் மேசையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

நான் என்னம்மா சொல்லிவிட்டேன்? புதன் மதியம் முழுக்க நான் துவாஸில் இருக்கும் எங்கள் மருந்துக் கிடங்கில் இருந்தேன். அன்று காலையில் பேசியதையெல்லாம் எழுதிப் பார்த்தேன், மொத்தம் ஒன்பது வாக்கியங்கள். எது தப்பு என்று தெரியவில்லை.

அன்புடன்
இளமதி


20 ஆகஸ்ட், புதன்

என் கண்ணு இளமதிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்ததில் பஸ்ஸை விட்டுவிட்டேன். நீ ஒன்றும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டாய். அவரவருக்கு ஆயிரம் யோசனை இருக்கும். கூப்பிடாவிட்டால் நல்லதுதானே, உன் மேசையிலேயே நிம்மதியாகச் சாப்பிடு. அந்த இரைச்சலில் போய் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

அது கிடக்கட்டும், நேற்று கட்டிக்கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாய். நாளைக்குத் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அதையாவது மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

அம்மா


26 ஆகஸ்ட், செவ்வாய்

அன்புள்ள அம்மா,

இன்றோடு ஒன்பது வேலை நாள். யாரும் கூப்பிடவில்லை.

போன வருஷம் வேலை பார்த்த சுவா சூ காங் இன்சூரன்ஸ் அலுவலகத்திலும் மூன்றாவது வாரத்தில் இப்படித்தான் பேச்சு நின்றது. ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு நானே விலகினேன். என்னைக் கொஞ்ச நாள் பார்த்தால் மனிதர்களுக்கு ஏதோ தெரிந்துவிடுகிறது. அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

இப்போது வேலையிலும் என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று ஒரே பெட்டியின் தேதியை நான்கு முறை படித்தேன். எனக்கு ஆட்டிசம் இருப்பதை வேலை நிரந்தரமானதும் நானே சொல்வதாக இருந்தேன். எப்படிச் சொல்வது என்றுகூட எழுதி வைத்திருந்தேன். இனி அதற்கு அவசியம் இல்லை. ராஜினாமாக் கடிதம் தயார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரேமிடம் கொடுத்துவிடுவேன்.

இளமதி


28 ஆகஸ்ட், வியாழன்

இளமதி கண்ணு,

நாளைக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடாதே. முதலில் இதைப் படி.

13ஆம் தேதி நீ துவாஸ் போவதாகக் காலண்டரில் எழுதியிருந்தாய். நான் அரை நாள் லீவு போட்டு, தேக்காவில் இரண்டு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு உன் ஆபீசுக்குப் போனேன். எல்லோருக்கும் என் கையால் கொடுத்தேன். "நான் பூவம்மா, இளமதியோட அம்மா. எம் பொண்ணுக்கு ஆட்டிசம். சத்தம் ஆகாது, நாலு பேர் நடுவுல சாப்பிட மாட்டா. கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னேன். நான் வந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

பிள்ளை புது இடத்துக்குப் போனால் நாலு பேருக்கு இனிப்புக் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நம் வழக்கம்தானே என்று நினைத்தேன். உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதே சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன். நீ வேலையை விடும் அளவுக்குப் போகும் என்று நினைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அம்மா


30 ஆகஸ்ட், சனி

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வியாழனன்று நான் வேலைக்குப் போகவில்லை. ரயிலில் ஏறினேன், லிட்டில் இந்தியாவில் இறங்காமல் எக்ஸ்போ வரைக்கும் போய்த் திரும்பினேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கோபம்கூட வரவில்லை.

நேற்றுக் காலை முனீராவிடம் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "உங்கம்மா அழுதுட்டே சொன்னாங்க. கூப்பிட்டா உங்களுக்குக் கஷ்டம்னு தினமும் கஷ்டப்பட்டு கூப்பிடாம இருந்தோம்" என்றார். ஒன்பது வாக்கியங்களை நான் அலசிக்கொண்டிருந்தபோது அவர்கள் எனக்கு நல்லது செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

பிறகு நானே சொன்னேன். சத்தம் ஆகாது என்பது உண்மை, கூப்பிடக் கூடாது என்பது உண்மையில்லை, வருவதா வேண்டாமா என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். தேக்காவுக்குப் போனோம். பதினேழு நிமிஷம் இருந்தேன். அதற்குமேல் முடியாமல், சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ராஜினாமாவைக் கொடுக்கவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. சுவா சூ காங் அலுவலகத்துக்கும் போனாயா?

இளமதி


31 ஆகஸ்ட், ஞாயிறு

இளமதிக்கு,

போனேன். அங்கே முறுக்கு கொண்டுபோனேன்.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நீ உயர்நிலைப் பள்ளி முதல் வகுப்பில் சேர்ந்த வாரம் வகுப்பு ஆசிரியையிடம் போய், இடைவேளையில் மற்ற பிள்ளைகள் உன்னை விளையாடக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தொடக்கப் பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகள் உன்னைப் படுத்திய பாட்டைப் பார்த்த பயம் எனக்கு. நாலு வருஷமும் நீ தனியாகச் சாப்பிட்டாய். ஏன் யாரும் உன்னிடம் வருவதில்லை என்று நீ என்னைக் கேட்டபோதெல்லாம், "நீ கொஞ்சம் சிரிச்சுப் பேசணும்மா" என்று உனக்கே புத்தி சொன்னேன்.

இத்தனை வருஷம் உன்னிடம் நீ தேடிய தப்பு உன்னிடம் இல்லை. நான்தான் உனக்கு முன்னால் போய் ஒவ்வொரு இடத்திலும் அதை வைத்துவிட்டு வந்தேன்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நீயாக வெளியே வரும்வரை தட்ட மாட்டேன்.

பூவம்மா