பூட்டச் சொன்னது யார்

ஈப்போ, 14.3.1989

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

எங்கள் ஆபீசின் பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் சொந்த டிஸ்க் கிடையாது. காலையில் மெயின் மெஷினைக் கிளப்பினால்தான் கேபிள் வழியாக எல்லாவற்றுக்கும் சிஸ்டம் போகும். அதற்குப் பெயர் பூட். நேற்று பஸ் வரவில்லை. வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா சன்னாசி அண்ணனுக்குப் போன் போட்டு, "மெயின் மெஷினை பூட் பண்ணிடுங்கண்ணே" என்றேன். அவர் அந்த அறையைப் பூட்டிவிட்டு, சாவியோடு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

திரையெல்லாம் இருட்டு. திரும்பி வந்த அண்ணனைப் பார்த்து மேனேஜர் எல்லார் முன்னாலும், "எஸ்டேட்டு புத்தி எங்கலா போகும்!" என்றார்.

"தங்கச்சிதான் பூட்டச் சொன்னிச்சு சார்."

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மேனேஜரைப் பார்த்தாலே குமட்டுகிறது அப்பா, என்னை நினைத்தால் அதைவிட. எஸ்டேட்டில் இருக்கும் நீங்களாக இருந்தாலும் பூட்டத்தானே செய்திருப்பீர்கள்?

குனோங் ராபாட்டில் என் வாடகை அறைக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. நம் வீட்டுப் பழைய பூட்டை லூயிஸ் மாமாவிடம் கொடுத்தனுப்புங்கள்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். இன்று சன்னாசி அண்ணன் எனக்கு கேட்டைத் திறந்துவிட்டு, "குட் மார்னிங் மிஸ்" என்றார்.

உங்கள் மகள்,
டோரிஸ்