பச்சை வெல்வெட் பை

அயோவா,
மார்ச் 11, திங்கட்கிழமை

அன்பு மகன் எம்மெட்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை டில்லி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு வழியும் இல்லை. "சங்கத்துல புதுசா சேர்ந்தவங்க போனையெல்லாம் வாங்கி வைச்சுக்கறாங்கம்மா, மூணு வாரத்துக்குப் பேச முடியாது, கவலைப்படாத" என்று சொல்லிவிட்டு நீ வைத்தது போன மாதம் இருபத்தெட்டாம் தேதி. கவலைப்படாதே என்றதும் நிறுத்திக்கொள்ள நான் என்ன தண்ணீர்க் குழாயா? எடுத்த வேலை எதுவும் உருப்படியாக நடப்பதில்லை. நேற்று தைக்க வந்த ஒரு பெண்ணின் நடன விருந்து கவுனை இரண்டு அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டு, அவள் அம்மா முன்னால் அசடு வழிய நின்றேன். "அவன் காலேஜுக்குத்தான்மா போயிருக்கான், யுத்தத்துக்கா போயிருக்கான்" என்று டில்லி கேலி செய்கிறாள், ஆனால் அவளும் ஒரு நாளைக்கு நாலு தடவை உனக்குப் போன் போட்டுப் பார்க்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தபாலையுமா வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

ஒரே வீட்டில் தங்கும் உங்கள் அந்த மாணவர் சங்கத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே கோபம் என்று நினைத்துவிடாதே. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நீ தினமும் கூப்பிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தரும் பக்கத்தில் உட்காருவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கே வந்துவிடுகிறேன் என்று சொன்னது எல்லாம் என் காதில்தான் இருக்கிறது. ஜனவரியில் சங்கத்தில் சேர்ந்த பிறகு உன் குரலே மாறிப்போனது. காய்ச்சலில் கிடந்தபோது சங்கத்து மூத்த மாணவன் கார்சன் மூன்று நாள் சூப் கொண்டுவந்து கொடுத்தான் என்றாயே, அவன் நன்றாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேண்டிக்கொண்டேன், பொய்யில்லை. ஆனால் பிப்ரவரியில் நாங்கள் உன்னைப் பார்க்க வந்தபோது நீ ஓட்டல் மேஜையிலேயே தூங்கி விழுந்தாய். வேதியியலை விட்டுவிட்டேன் என்றாய், டிராம்போன் வாத்தியத்தைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது என்றாய், மூத்தவர்களின் அழுக்குத் துணியை நீதான் துவைக்கிறாய் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு உடனே சிரித்து மழுப்பினாய். புகையே பிடிக்காத உன் கோட்டுப் பையில் இரண்டு சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும் இருந்தன, மூத்தவர்கள் கேட்டால் எடுத்து நீட்டுவதற்காம். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள், நாம் ஏன் கெடுப்பது என்று விழுங்கிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கார்சனின் அம்மா கூப்பிட்டாள். வருகிற சனிக்கிழமை உங்களுக்கெல்லாம் மூத்தவர்களில் யார் யார் பெரிய அண்ணன் என்று அறிவிக்கும் விழாவாம், உனக்கு வாய்த்தவன் கார்சன்தானாம், அதற்குப் புதுப் பையன்களின் அம்மாக்கள் ஆளுக்கொரு பை தைத்து அனுப்புவது ரொம்ப நாள் வழக்கமாம். "வெல்வெட்ல தைங்க லோர்னா, பதினாலு அங்குல உயரம், அடி வட்டமா இருக்கணும், வாயில கயிறு. ரெண்டு பேர் பேரையும் எம்பிராய்டரி பண்ணிடுங்க. பையன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க" என்றாள். மெழுகுவர்த்தி வைத்து ஏதோ உறுதிமொழி எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பாடகர் குழு அங்கிகள் தைத்ததில் மிஞ்சிய பச்சை வெல்வெட்டை எடுத்து, தங்க நூலில் மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து உன் பெயரையும் அவன் பெயரையும் போட்டேன். போட்டுவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

சனிக்கிழமை காலை அப்பா பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். உன் அப்பாவைத்தான் தெரியுமே, அதே சங்கத்தில் இருந்தவர், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கோட்டில் சங்கச் சின்னத்தைக் குத்திக்கொள்ளாமல் கிளம்ப மாட்டார், உனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவரும் அவர்தான். பையைப் பார்த்ததும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னுமா இதைப் பண்றாங்க" என்றார். என்ன என்று கேட்டால் சங்கத்து ரகசியமாம், சத்தியமாம். நான் விடவில்லை. பையில் வைப்பது மெழுகுவர்த்தி இல்லையாம், விஸ்கி பாட்டிலாம். அண்ணன் தம்பிக்குக் கொடுப்பானாம், தம்பி அதைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டுமாம். அவர் அம்மாவும் இப்படி ஒரு பை தைத்தாளாம், அவளுக்கும் யாரும் சொல்லவில்லையாம்.

அதோடு நிற்கவில்லை. அவரோடு சேர்ந்த டுவைட் என்ற பையன் பாட்டிலை முடித்துவிட்டுச் சாய்ந்துவிட்டான். மல்லாந்து படுத்து வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்று, புரண்டுவிடாதபடி ஒரு புத்தகப் பையில் தடித் தடியான புத்தகங்களாக அடைத்து அவன் முதுகில் கட்டி, பக்கவாட்டில் கிடத்திவிட்டு எல்லோரும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். ஒருவரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் சங்கத்தை மூடிவிடுவார்களாம். டுவைட் பிழைத்துக்கொண்டான், ஆனால் சாதாரணக் கூட்டல் கணக்கே தடுமாற ஆரம்பித்து, கோடைக்கு முன்னால் அவன் அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப் போய்விட்டார். அப்ப நீங்க எங்க இருந்தீங்க என்று கேட்டேன். "பையைக் கட்டினதே நான்தான் லோர்னா" என்றார். இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன், டுவைட் என்ற பெயரை அன்றைக்குத்தான் கேட்கிறேன். எழுந்துபோய்ப் போனை எடுத்தேன். கார்சன் அம்மாவைக் கூப்பிட்டு, உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "என் பையனும்தான் குடிச்சான், நல்லாத்தானே இருக்கான்" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

எம்மெட், சங்கத்தை விட்டு வந்துவிடு என்று நான் எழுதவில்லை. மறுபடி நீ தனியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போவதை நினைத்தால் எனக்கும் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் இருக்கிற நாலு பேரும் போய்விடுவார்களே என்றுதான் உனக்குப் பயமாக இருக்கும். சூப் கொண்டுவந்த கார்சன் நிஜமான கார்சன் என்றால் அவன் போக மாட்டான், அவனிடம் தனியாகச் சொல்லிப் பார். போனால் போகட்டும், ஒரு பாட்டிலும் இல்லாமலே உனக்கென்று கூடப் பிறந்தவள் ஒருத்தி இங்கே இருக்கிறாள். நீ குடிக்காமல் தப்பித்து, வேறு எவனாவது விழுந்தால் அவன் முதுகில் எதையும் கட்டாதே, போன்களைப் பூட்டி வைத்திருக்கும் அலமாரியை உடைத்தாவது ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அலமாரிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அங்கே இன்னும் பனி உருகியிருக்காது, தோல் பூட்ஸைப் போட்டுக்கொள். வேதியியல் ஆசிரியரைப் போய்ப் பார், திரும்பச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கும், கேட்டால் என்ன குறைந்துவிடும்.

இந்தப் பார்சலில் அந்தப் பையையும் உனக்கே அனுப்புகிறேன். உள்ளே கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, இஞ்சி பிஸ்கட் ஒரு பொட்டலம். நான் கட்டி முடிக்கப் போகும்போது அப்பா எழுந்து வந்து, கோட்டிலிருந்த சங்கச் சின்னத்தைக் கழற்றி அதில் போட்டார். கயிற்றை உருவிவிட்டு, பையின் வாயை இரட்டை நூலில் தைத்து மூடிவிட்டேன். இனி அதில் எந்தப் பாட்டிலும் நுழையாது.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் நல்ல புத்தியோடும் நல்ல உடம்போடும் இரு என் கண்ணே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சனிக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து உங்கள் சங்க வீட்டுக்கு எதிர்ப்பக்கம் அப்பாவின் டிரக் நிற்கும். உள்ளே வர மாட்டார், ஹாரன் அடிக்க மாட்டார், உன்னை வெளியே வரச் சொல்லவும் மாட்டார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். "பின்னாடி சீட்ல ஒருத்தனைப் படுக்க வைக்க இடம் வேணும். யார் பையனா இருந்தாலும் சரி" என்றார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா லோர்னா