கப்பல் மாப்பிள்ளையின் சட்டை

பாலகொல்லு,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ஹைமாவுக்கு,

உன் நான்னா வாயால் சொல்ல, அம்மா கையால் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு மழையில் நனையாமல் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்காததே நல்லது. போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடும். கடிதம் என்றால் உன் அம்மா எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கிறவரை நான் காத்திருக்க வேண்டும், நடுவில் ஒரு பொய்யை நுழைக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிடுகிறாள்.

வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பின்கட்டுச் சுவரில் உன் உயரத்துக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருந்தோமே, அதை மட்டும் விடச் சொன்னேன், வெள்ளையடித்தவன் கேட்காமல் அதன்மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் தம்பி கல்யாணத்துக்கு சுன்னுண்டலு உருண்டை நானேதான் பிடிப்பேன் என்று உளுந்தை வறுத்துக் குவித்து வைத்திருக்கிறாள். வம்சி கல்யாண மாப்பிள்ளை மாதிரியே இல்லை. வேலைக்குப் போகிறான், வருகிறான், என்னோடு பேசுவதில்லை. நீ லீவு கிடைக்கவில்லை என்று அவனுக்குச் செய்தி அனுப்பினாயாம். லீவு அல்ல காரணம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உனக்குத் தெரிந்தது பாதிதான் அம்மா, மீதியையும் சொல்லிவிடுகிறேன். வம்சிக்குப் பெண் பார்க்க ஆகிவீடு ஊருக்குப் போன அன்று, சம்பந்தி தாத்தாராவு காரு காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல என்று கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் அக்காளை வைத்துக்கொண்டு தம்பிக்கு முடிக்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன குறையோ என்று பேச்சு வந்தால் வம்சியின் சம்பந்தம் போய்விடுமே என்று ஒரு பயம். ஆயிடுச்சுங்க என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை என்ன பண்றாரு என்றார். கப்பல்ல என்றேன். கப்பல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நரசாபுரம் ரேவுத்துறையில் ஓடும் படகைத் தவிர நான் எதையும் கண்டதில்லை. கப்பலில் இருக்கிறவன் கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியிருக்கும் போலிருக்கிறது. பத்திரிகை அடிக்கிற இடத்தில் மகள், மருமகன் பேர் சொல்லுங்க என்றார்கள், ரவீந்திரா என்று வாயில் வந்ததைச் சொன்னேன். உன் பேருக்குப் பக்கத்தில் அந்தப் பேரைப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாதது அன்றைக்கு வசதியாகத்தான் இருந்தது, பார்த்தால் பூவும் பிள்ளையாரும் மட்டும்தான் தெரிந்தது. பிறகு சம்பந்தியம்மா ராமதுளசி, மாப்பிள்ளையோட அக்கா புருஷனுக்குத் துணி வெக்கணும், அளவு கொடுங்க என்றாள். எனக்கு யார் அளவு தெரியும்? டெய்லர் அப்பாராவு வருஷா வருஷம் நாடாவைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சொல்கிற என் தோள், என் நெஞ்சு, என் கைநீளம், அதுதான் மனப்பாடம். அதையே ஒப்பித்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் உனக்குப் போன் செய்து, கழுத்தில் நல்லபூசல் கருகமணியும் காலில் மெட்டியும் போட்டுக்கொண்டு வா, மூன்று நாள்தானே, யாராவது கேட்டால் அவர் கடலில் இருக்கிறார் என்று சொல்லு என்று சொன்னேன். நீ கத்தவில்லை. நான்னா, என் தம்பி கல்யாணத்துக்கு நான் வேஷம் கட்டிக்கிட்டு வரணுமா என்று மட்டும் கேட்டாய், வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் யார் வீட்டுப் பெண்ணும் இப்படிப் பேச மாட்டாள் என்று அம்மாவிடம் குதித்தேன். இதை எழுது என்று சொன்னால் அவள் முன்னமே எழுதிவிட்டேன் என்கிறாள்.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் துணி எடுக்க இங்கே வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் மதிய ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். நான் ஆயுசெல்லாம் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்த தியேட்டர், இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலாளியே கதவைத் திறந்துவிடுகிறார், அந்தப் பெருமையைச் சம்பந்திக்குக் காட்ட ஆசை. படத்தின் பேர் என் நாக்குக்கு வராது, பாதி தெலுங்கு பாதி இங்கிலீஷ். போஸ்டரில் ஒரு பெண் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கறிவேப்பிலைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டிருக்கிறாள். சிரிப்புப் படம், காதலும் உண்டு, குடும்பத்தோடு பார்க்கலாம் என்றார் கேன்டீன்காரர். நான் படம் பார்த்தவன் இல்லை ஹைமா, கதவுக்கு வெளியே நின்று கேட்டவன். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த சினிமா. உள்ளே நடுவில் சாய்ந்து உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது குறைவு.

அந்தப் பெண் ஹைதராபாத்தில் தனியாக இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், சமைக்கப் பிடித்தால் சமைக்கிறாள், இல்லையென்றால் ஓட்டலில் ஓரமாக உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுகிறாள், சப்ளையர் இன்னொரு இலையைப் போட்டுவிட்டு, சார் வந்துட்டிருக்காரா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறான். வீடு கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் அதே கேள்வி. கடைசியில் ஒரு மாடியறைக்காக, சார் அடிக்கடி வெளியூர் போவார் என்று சொல்லிவிட்டு, நடைபாதைக் கடையில் பெரிய ஆம்பிளைச் செருப்பாக ஒரு ஜோடி வாங்கி வாசலில் விட்டுவைக்கிறாள். அவ்வளவுதான், வீட்டுக்காரம்மா அந்தச் செருப்புக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அதைத் தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்துகிறாள். மழை வந்தால் ஓடிவந்து, ஐயோ சார் நனையறாரு என்று உள்ளே எடுத்து வைக்கிறாள். தியேட்டரே அதிர்ந்தது. பிறகு அந்தப் பெண்ணின் அப்பா ஊரிலிருந்து வருகிறார். வாசலில் செருப்பைப் பார்த்ததும் ஆளுக்குக் கண் கலங்கிவிடுகிறது, மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒற்றைச் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார். டீக்கடையில் அதை எடுத்து வைத்து, என் மாப்பிள்ளை கால் இது, ஆள் என்ன உயரம் இருப்பாருன்னு நீங்களே பாத்துக்குங்கய்யா என்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் செருப்பைத் தடவிப் பார்த்து, நல்ல குடும்பத்துப் பையன்தான், குதிகால் தேயாம நடக்கிறான் என்கிறார்.

நான் சிரித்தேன் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வரிசையிலேயே என் சிரிப்புதான் பெரிது. முன்சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். சம்பந்தி தொடையைத் தட்டிக்கொண்டு, இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா பாவகாரு என்று என்னைக் கேட்டார். இருப்பான் இருப்பான், ஊருக்கு ஒரு மடையன் இல்லாமயா என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் உன் அம்மா சிரிக்கவில்லை. அவள் திரையையே பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராமதுளசி எட்டி, அண்ணய்யா காரு, கப்பல் மாப்பிள்ளை சட்டை தைச்சு வந்துடுச்சு, தோள் மட்டும் கொஞ்சம் இறக்கமா இருக்குன்னு டெய்லர் சொல்றாரு, அவருக்குத் தோள் இறக்கம்தானா என்று கேட்டாள். அந்த இருட்டில் எனக்கு உடம்பு முழுக்க வேர்த்தது. ஆமாங்க, இறக்கம்தான் என்றேன். அதோடு நின்றேனா? என் சிரிப்பு நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, சிரிப்பே இல்லாத இடத்திலும் அந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். இதைச் சொல்லும்போது நாக்கு கூசுகிறது அம்மா. பொய் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

படத்தில் ஊரே கூடி மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறார்கள். அந்தப் பெண் தனியாக வந்து இறங்குகிறாள். அப்பா கையிலிருக்கிற செருப்பை வாங்கி, இன்னொன்றைத் தன் பையிலிருந்து எடுத்து, இரண்டையும் தன் காலிலேயே மாட்டிக்கொண்டு பந்தல் நடுவில் டப்டப்பென்று நடக்கிறாள். இதைப் போட்டுக்கிட்டு அந்த ஊர்ல நடந்துக்கிட்டிருக்கிறது நான்தான் நான்னா என்கிறாள். விசில் பறந்தது. கடைசியில் அவளோடு சிநேகமாயிருந்த கீழ்வீட்டுப் பையன் கட்டிக்கிறியா என்று கேட்கிறான், அவள் முதல்ல சாப்பிட வா, பாத்திரம் நீதான் கழுவணும் என்கிறாள், அதோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள். பின்னால் ஒருத்தன் தாலி எங்கடா என்று கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் விளக்கு வருகிறவரை ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. அது பிடித்த படம் என்று அர்த்தம், எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டாரைப் பஸ் ஏற்றிவிட்டு நடந்து வரும்போது உன் அம்மா ஒன்றுதான் கேட்டாள். அந்த அப்பா கடைசியில வெறுங்கையோட நின்னாரே, நீங்க எதை வெச்சுக்கிட்டு நிக்கப் போறீங்க என்றாள்.

மறுநாள் காலை நான் தனியாக ஆகிவீட்டுக்குப் போனேன். தாத்தாராவு காரு இறால் குட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கப்பலும் இல்லை, ரவீந்திராவும் இல்லை, என் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்கு ஒரு குறையும் இல்லை, குறை என் வாயில்தான் என்று சொன்னேன். கிளம்பினவர் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, நேத்து என் பக்கத்துல உக்காந்து அப்படிச் சிரிச்சீங்களே பாவகாரு, எப்படி வந்துது அந்தச் சிரிப்பு என்றார். உள்ளேயிருந்து ராமதுளசி, அப்ப அந்தத் தோள் யாரோடது என்று கேட்டாள். என்னோடதுதான் அம்மா என்றேன். அப்போது கல்யாணப் பெண் பிந்து கதவுப்பக்கம் வந்து நின்று, நான்னா, எனக்கு முதல் நாளே தெரியும், வம்சி சொல்லிட்டாரு, வதினா போட்டோ கூடக் காட்டினாரு, அந்த வதினா வராம எனக்குக் கல்யாணம் வேண்டாம்னுதான் நேத்திக்கு நைட்டு அவர்கிட்ட சொன்னேன் என்றாள். உன்னை நேரில் பார்த்ததே இல்லை, அதற்குள் நாத்தனார் முறை வைத்து வதினா என்கிறாள். பாரம்மா, சின்னவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது, அந்தப் பொய்யை நான் வேறு யாருக்காகச் சுமந்தேன்?

சம்பந்தி சம்பந்தத்தை முறிக்கவில்லை. ஆனால் மனசு ஆறவும் இல்லை. எங்க ஆளுங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன், உங்க ஆளுங்ககிட்ட யாரும் உங்களுக்காகச் சொல்ல மாட்டாங்க, நீங்க வெச்ச பத்திரிகையை நீங்களே போய்த் திருத்துங்க என்றார். நியாயம்தான். எந்தெந்த வீட்டில் பத்திரிகை வைத்தேன் என்பது எனக்கு எழுதிவைக்காமலே நினைவிருக்கிறது. தினமும் காலையில் கிளம்பி வீடு வீடாகப் போகிறேன். அந்தப் பேர்ல யாரும் இல்லைங்க, அதை அடிச்சிடுங்க, என் பொண்ணு பேர் மட்டும் இருக்கட்டும் என்று சொல்கிறேன். சிலர் தண்ணீர் கொடுக்கிறார்கள். சிலர் எனக்கு எதிரிலேயே சிரிக்கிறார்கள். தேங்காய்க்கடை சூரிபாபு, ஏம்ப்பா வெங்கடரத்தினம், கப்பல் முழுகிப் போச்சா, மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாதா என்று கடை வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டான். நின்று கேட்டுக்கொண்டேன். உன்னை மூன்று நாள் அப்படி நிறுத்தப் பார்த்தேனே, நான் ஒரு வாரம் நின்றால் என்ன.

படம் பார்த்ததிலிருந்து இன்னொன்றும் மனசில் ஓடுகிறது. உனக்கு வீடு கொடுக்க அங்கே என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய், ஓட்டலில் எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், ஜுரம் வந்தால் கஞ்சி யார் வைக்கிறார்கள், இதில் ஒன்றையும் நான் உன்னைக் கேட்டதில்லை. போன் போட்டால் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறேன், அந்தச் சப்ளையர் கேட்டதேதான். நீ சந்தோஷமாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே அம்மா பேனாவை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள்.

மஞ்சள் இடிக்கிற அன்று முதல் உலக்கையை நம் ஹைமா கையில்தான் கொடுப்பேன், சுமங்கலிதான் பிடிக்கணும் என்று யாராவது வந்தால் என்னிடம் வரட்டும் என்று உன் அம்மா சொல்கிறாள், அதை எழுதியும் விட்டாள். வா என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. வம்சி கூப்பிடுகிறான், பிந்து கூப்பிடுகிறாள். வந்தால் கழுத்தில் உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள், பிடிக்கவில்லையென்றால் ஒன்றும் போடாதே. ரயிலில் வெளிச் சாப்பாட்டை வாங்காதே, கதவுப்பக்கம் உட்காராதே. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகு, போட்டோவில் மெலிந்து தெரிகிறாய். வரவில்லையென்றாலும் அம்மா போனை எடுத்துப் பேசு, நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன். சம்பந்தி நேற்று ஆள் மூலம் அந்தச் சட்டையை அனுப்பினார். மாங்காய்ப் பச்சை நிறம், சில்க். அளவு யாருதோ அவரையே போட்டுக்கச் சொல்லுங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை, எனக்கென்றே தைத்தது மாதிரி இருக்கிறது. கல்யாணத்தன்று அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். மண்டப வாசலில் நிற்பேன், கேட்டில் நின்று பழகிய கால்தானே. கப்பல் மாப்பிள்ளை எங்கே என்று யார் கேட்டாலும், நான்தாங்க அது என்று சொல்வேன். நீ வருகிற நேரத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நீ நிற்க வேண்டாம், தலை நிமிர்ந்து உள்ளே போய்விடு.

சாமி உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். உன் வீட்டு வாசலில் உன் செருப்பு மட்டும் போதும்.

இப்படிக்கு உன் நான்னா,
வெங்கடரத்தினம்
(பேர் எழுதியது நான். பக்கத்தில் இருப்பது அவர் பெருவிரல். இரண்டு தடவை வைத்திருக்கிறார், முதல் தடவை மை இழுபட்டுவிட்டது. — அம்மா)