வில்கோராவுக்குப் போனவள்

செப்டெம்பர் 9

காலை ஏழே காலுக்குக் கம்சிகாவின் அழைப்பு. அங்கே பின்னேரம். ஆஸ்பத்திரிப் படியில் இருந்தபடி ஐந்து நிமிடம் பேசினாள். ஒருவருக்குச் சளி, ஒருவருக்குக் கால் புண், மழை இல்லை. நான் இங்கே லண்டனில், பிளேஸ்டோவில் மழை என்றேன். கணவனும் மனைவியும் வானிலை அறிக்கை வாசிக்கிறோம்.

அவள் போய் எட்டு மாதம். ஒரு வருட ஒப்பந்தம். ஜனவரியில் வந்துவிடுவாள். வந்துவிடுவாள்தானே? கேட்கவில்லை.

பள்ளிக்கூட இடைவேளையில் மறுபடி வரைபடத்தைத் திறந்தேன். வில்கோரா. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஓர் ஆற்று வளைவு. எழுநூறு பேர், ஒரே ஒரு கடைத்தெரு, எட்டுக் கட்டில் உள்ள ஆஸ்பத்திரி, அதற்கு ஒரே டொக்டர் என் மனைவி. ஆற்றங்கரையில் நீளமான தகரக் கொட்டகை ஒன்று மேலிருந்து பார்க்கத் தெரிகிறது. மூடிப்போன மர ஆலை. அதன் கூரையில் எங்கெங்கே ஓட்டை என்றுகூட எனக்கு மனப்பாடம். ஒரு கணித வாத்தியார் செய்கிற வேலையா இது?

செப்டெம்பர் 14

ஞாயிறு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு செவன் கிங்ஸில் தம்பி விதுசன் வீட்டுக்குப் போனேன். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் கம்சிகா எப்போது வருகிறாள் என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன்னே அம்மா "தை பிறக்க வந்திடுவா" என்றார். வரும் வழியில் சிக்னலில் நின்றபோது, "நீயாவது அவளிட்டை வடிவாக் கேட்டனியோ?" என்றார்.

கேட்கவில்லை, அம்மா.

செப்டெம்பர் 21

இன்று அரை மணி நேரம் பேசினாள். இவ்வளவு நாளும் இல்லாத அதிசயம். ரொன் என்ற கிழவரைப் பற்றி. எண்பத்து நாலு வயது, இடது கையில் மூன்று விரல். பதினைந்து வயதில் ஆலைக்குப் போனவராம். அங்கே ஆற்றோரக் காடு முழுக்க ரெட் கம் என்று ஒரு மரம், வெட்டினால் உள்ளே இறைச்சி நிறம். தண்ணீரில் கிடந்தாலும் உக்காது. ரயில் பாதைக்கும் பாலத்துக்கும் அதைத்தான் அறுத்து அனுப்பினார்களாம். ஒரு காலத்தில் ஏழு ஆலை, மூவாயிரம் சனம். பிறகு காட்டைப் பாதுகாக்கப்பட்ட பூங்கா ஆக்கினார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூட, வேலையோடு சனமும் போய்விட்டது. மிஞ்சியவர்களில் பாதிப் பேருக்கு மரம் அறுக்கிற வாளின் சத்தத்தில் காது கேட்காது. "கத்திக் கத்தியே தொண்டை போகுது" என்று சிரித்தாள்.

அவள் சிரித்து எவ்வளவு காலம்? எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு வீட்டுக்குள் நடந்தேன், சமையலறை, ஹோல், மறுபடி சமையலறை. அம்மா, "இருந்து தேத்தண்ணியைக் குடி" என்றார். இருக்க முடியவில்லை.

செப்டெம்பர் 30

நித்திரை இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே கணக்கை இரண்டு தரம் போட்டேன்.

அக்டோபர் 7

சொல்லிவிட்டாள். இன்னும் இரண்டு வருடம் இருக்கக் கேட்கிறார்கள், தனக்கும் விருப்பம் என்று. அவள் போய்விட்டால் ஆஸ்பத்திரியில் கட்டில்களை எடுத்துவிட்டு வெறும் கிளினிக் ஆக்கிவிடுவார்களாம். அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம்.

அப்படியென்றால் லண்டனில் நோயாளிகளே இல்லையா என்று கேட்டேன். அந்த ஊர் எப்போதோ செத்துவிட்டது, நீர் ஏன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறீர் என்றும் கேட்டேன்.

செத்தது என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 10

மூன்று நாள். எடுக்கிறாள் இல்லை. குறுஞ்செய்தி மட்டும்: "வேலை. பிறகு."

நான் கோபமாக இருக்கிறேனா, பயந்துபோய் இருக்கிறேனா? இரண்டும் ஒரே மாதிரித்தான் நெஞ்சுக்குள் இருக்கிறது.

அக்டோபர் 15

வில்கோராவுக்கு மேலே மலைப் பக்கம் ஐந்து நாளாக மழையாம். ஆற்று மட்டம் போடுகிற இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. போன வாரம் மூன்று மீற்றர். இன்று ஐந்தரை. வகுப்பில் பிள்ளைகள் சோதனை எழுதும்போது மேசைக்குக் கீழே போனை வைத்துப் பார்த்தேன். இதையே ஒரு பிள்ளை செய்தால் போனைப் பறித்து வைத்திருப்பேன்.

அக்டோபர் 18

ஊரை விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். ஏழு மீற்றர். அவளே எடுத்தாள். ஆஸ்பத்திரியைச் சுற்றிவர மண் மூட்டை அடுக்குகிறார்களாம். நான்கு நோயாளிகளை அசைக்க ஏலாது, அதனால் தானும் இரண்டு நேர்ஸும் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

நான் கத்தினேன். அறையிலிருந்து அம்மா எழும்பி வந்துவிட்டார். கம்சிகா கத்தவில்லை. "விட்டிட்டு வாற ஆள் நான் இல்லை" என்றாள், மெதுவாக.

யாரைச் சொன்னாள்? என்னையா?

அக்டோபர் 19

இணைப்பு இல்லை. பாதையும் மூடியாயிற்று. நாற்பது தரம் எடுத்திருப்பேன். அந்த மாநில அவசர சேவைக்கு எடுத்தால் ஒரு பெண் மிகவும் பொறுமையாக, ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றாள். பயப்படாதே என்று சொல்கிற எல்லோரையும் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா விளக்கேற்றிவிட்டு அதன் முன்னாலேயே இருக்கிறார். ஞாயிறு, ஆனால் செவன் கிங்ஸுக்குப் போகவில்லை.

அக்டோபர் 20

உயிரோடு இருக்கிறாள்.

காலை ஆறரைக்கு எடுத்தாள். ஊர்ச் சனம் அடுக்கிய மண் மூட்டை அணை தாங்கிவிட்டது. கடைத்தெருவிலும் ஆலைக் கொட்டகையிலும் இடுப்பளவு தண்ணீர். ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. நான் தரையில் இருந்துவிட்டேன்.

பிறகு ரொன் பற்றிச் சொன்னாள். வெளியேற மாட்டேன் என்று மயானத்தில் நின்றாராம். அது ஆற்றுக்குப் பக்கம். ஆலை முகாம்களில் பிறந்த உடனே இறந்த குழந்தைகளை அங்கே ஒரு மூலையில் புதைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெட் கம் கட்டை நட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று அவருடைய தங்கை, பெயர்கூட வைக்கவில்லை. அவரை இழுத்து வரக் கம்சிகாவே படகில் போயிருக்கிறாள். முதலில் எந்தக் கட்டை ஆருடையது என்று சொல்லுகிறேன், எழுதிக்கொள், பிறகு வருகிறேன் என்றாராம். பத்தொன்பது குழந்தைகள். மழையில் நின்று எழுதியிருக்கிறாள்.

பிறகு கேட்டாள்.

"இஞ்ச ஒரு நாள் பிள்ளையும் எங்க கிடக்கு எண்டு சனத்துக்குத் தெரியும் சஞ்சய். எங்கட பிள்ளை எங்க?"

"தெரியாது" என்றேன்.

அக்டோபர் 21

எழுதிவிட வேண்டும். இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

போன வருடம் ஜூன். கர்ப்பத்தின் இருபத்திரண்டாவது வாரம். பெண் குழந்தை. கம்சிகா இரத்தம் போய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். ஒரு தாதி வந்து என்னிடம் படிவம் ஒன்று தந்தாள். பிள்ளையை அடக்கம் செய்ய நாங்களே கொண்டுபோகிறோமா, ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளட்டுமா? பிள்ளையைப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டாள். நான் பார்க்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவள் எழும்பும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்காக என்றுதான் நினைத்தேன். அவளுக்காகவா?

அடுத்த கிழமையே பள்ளிக்கூடம் போனேன். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒரே வீட்டில் அப்படியே இருந்தோம். பிறகு அவள் உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு வேலை எடுத்துக்கொண்டு போனாள். எல்லோருக்கும் அனுபவத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

விட்டுவிட்டு வந்த ஆள் நான்தான்.

அக்டோபர் 28

பள்ளி விடுமுறை. காலை முதல் போனைக் கையில் வைத்துக்கொண்டு பதினொரு மணிக்குத்தான் பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். இரண்டு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் வந்த பெண் கம்சிகாவின் பெயர், பிறந்த திகதி கேட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இடம், நாள், வரிசை இலக்கம் எல்லாம் சொன்னாள். வேறு குழந்தைகளோடு சேர்த்து அடக்கம் செய்திருக்கிறார்கள். பாதிரியார் ஒருவர் நின்றாராம்.

ஒரு நிமிட வேலை. பதினாறு மாதம் செய்யவில்லை.

அக்டோபர் 30

அந்த மயானத்துக்குப் போனேன். பஸ்ஸில் இருபது நிமிடம். அவ்வளவு பக்கத்தில். பள்ளிப் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போகும்போது அதன் மதிலைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

புல் வெட்டியிருந்தது. காற்றாடிப் பொம்மைகள், ஈரமான கரடிப் பொம்மை ஒன்று. எங்கள் வரிசையில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காவலாளி வந்து, வாசல் பூட்டப்போகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நவம்பர் 2

அவளிடம் எல்லாம் சொன்னேன். படிவம், அடையாளம், பார்க்கமாட்டேன் என்றது.

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றாள். பிறகு, "தனியாவோ போனீங்கள்?"

ஓம் என்றேன்.

மன்னித்தாள் என்று எழுத மாட்டேன். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பரில் வந்து பார்க்க வேண்டும் என்றாள்.

டிசம்பர் 20

ஹீத்ரோ. மெலிந்து, கறுத்து, முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். வரும் சனத்துக்குள் ஒரு கணம் எனக்கு ஆளே பிடிபடவில்லை.

டிசம்பர் 23

இரண்டு பேரும் போனோம். ரொன் சீவி வழவழப்பாக்கிய சின்ன ரெட் கம் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறார். அங்கே தனி அடையாளம் நட விடமாட்டார்கள். கம்சிகா அதைப் புல்லில் வைத்து, பக்கத்தில் குந்தி இருந்தாள். தூறல். நானும் இருந்தேன். முதல் தரம் அவள் முன்னால் அழுதேன். அவள் என் முதுகில் கை வைக்கவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. இருட்டத் தொடங்க, கட்டையை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 4

போய்விட்டாள். நேற்று மாலை சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி சொன்னது:

"போன முறை உங்களிட்டை இருந்து தள்ளிப் போனன். இந்த முறை வேலைக்குத்தான் போறன். ரெண்டு வருசத்துக்குச் சைன் வைச்சிட்டன். நீங்கள் வந்தால் சந்தோசம். வராட்டிக் கோவிக்க மாட்டன்."

நீர் வரச் சொல்லுகிறீரா என்று கேட்டேன். "சொல்லுறன்" என்றாள்.

அறைக்குள் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

ஜனவரி 13

இருப்புக் கொள்ளவில்லை. போனால் அம்மா? போகாவிட்டால்? தலைமை ஆசிரியரின் கதவு வரை போய்த் திரும்பினேன். பின்னேரம் மறுபடி போனேன். சம்பளமில்லாத ஒரு வருட லீவு கேட்டேன். எழுதித் தரச் சொன்னார்.

ஜனவரி 17

அம்மாவிடம் சொன்னேன். இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகமாட்டேன் என்றார். இரவு அறையை விட்டு வரவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது.

ஜனவரி 25

விதுசன் அளவு நாடாவோடு வந்தான். அம்மாவின் கட்டிலை நீளம், அகலம் என்று அளந்து போனில் குறித்துக்கொண்டான். அவனுடைய வீட்டுக் கீழ் அறையில் ஜன்னல் பக்கமாகப் போட்டால் கொள்ளுமாம். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். அவன் நாடாவைச் சுருட்டும்போது, தலைமாட்டைச் சுவர்ப் பக்கம் வைக்கச் சொன்னார். ஜன்னலால் காற்று அடிக்குமாம்.