பச்சை கேன்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

முதலாளி காரின் இன்ஜினைக் குளிர்விக்கச் சிவப்பு கூலன்ட்தான் ஊற்ற வேண்டுமாம். உலக மகா டிரைவரான நான் பச்சையை ஊற்றிவிட்டேன். இரண்டும் கலந்து, ரேடியேட்டருக்குள் யானை மூழ்கும் அளவுக்குச் சேறு! எல்லாவற்றையும் வடித்து, கழுவி, சிவப்பையே நிரப்பினேன். பயப்படாதே, வேலை போகவில்லை.

"இன்னொரு தடவ பச்சைய ஊத்துன, அடுத்த பிளைட்லயே வீட்டுக்கு அனுப்பிடுவேன்!" என்று முதலாளி கத்தினார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

குட்டியின் செருப்பு அளவை எழுது. நீ திட்டுவதைப் பதிவு செய்து அனுப்பு; முதலாளிக்குச் சரியாகத் திட்டத் தெரியவில்லை.

இதோ, கூப்பிடுகிறார், ஓடுகிறேன். மிச்சமிருக்கும் பச்சை கேனை மட்டும் இன்னும் தூக்கி எறியவில்லை.

உன்,
கடல் கடந்த சக்கரவர்த்தி